அழிய மாட்டேன் என்று அடம்பிடிக்கும் கோப்புகள்

எங்க முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரியும் பலாவும் ஃபேமஸ். அதுக்கு அடுத்தபடியா ஃபேமஸ், "ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்" என்கிற வைத்தியம். கணினி மெதுவா ஓடுதா? ஃபார்மேட். பென் டிரைவில் ஒரு கோப்பு அழிய மாட்டேங்குதா? ஃபார்மேட். பல்வலின்னு போனா தலையையே எடுக்கிற மாதிரி :-) இந்த வைத்தியத்து மேல எனக்கு ரொம்ப நாளா கோபம். இன்னிக்கு இறக்கி வெச்சிடறேன்.

என் கட்சி இதுதான். கணினி ஒரு கோப்பை அழிக்க மறுத்தா, அதுக்கு உள்ளே ஒரு காரணம் இருக்கு. அது என்னன்னு பார்க்காம கடப்பாரையைத் தூக்கக்கூடாது.

இரண்டாயிரங்களில் மெயிலில் ஒரு ஃபார்வர்டு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? 'சிஓஎன்' என்ற பெயரில் யாராலும் ஃபோல்டர் உருவாக்க முடியாதாம், அதைக் கண்டுபிடிச்சவர் ஒரு இந்தியராம், மைக்ரோசாஃப்ட்டுக்கே காரணம் தெரியலையாம்! நானும் பத்து தடவையாவது வாங்கியிருப்பேன். டாஸ் காலத்தில் படிச்சவங்களுக்கு 'காப்பி கான்' கட்டளை தெரியும். கான் என்றால் கன்சோல், அதாவது விசைப்பலகையும் திரையும். பிரிண்டர், சீரியல் போர்ட் இதுக்கெல்லாம் டாஸ் இப்படிப் பெயர் ஒதுக்கி வெச்சிருந்தது. பழைய புரோகிராம்கள் உடைஞ்சிடக்கூடாதுன்னு விண்டோஸும் அந்தப் பெயர்களைக் காபந்து பண்ணிக்கிட்டே வந்தது. மர்மம் அவ்ளோதான். ஆனா லினக்ஸில் இந்தப் பெயரோட ஒரு ஃபோல்டரை பென் டிரைவில் உருவாக்கி விண்டோஸில் செருகினா, அழிக்கப்போகும்போது வம்புதான். கமாண்ட் பிராம்ப்ட்டில் பாதைக்கு முன்னால் இரண்டு பின்சாய்கோடு, ஒரு கேள்விக்குறி, இன்னொரு பின்சாய்கோடு போட்டு அழிச்சா சமர்த்தா போயிடும். பெயர்ச் சோதனையைத் தாண்டிப் போறதுக்கான வழி அது. பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ ஒட்டிக்கிட்டு அடம்பிடிக்கிற கோப்புகளுக்கும் இதே மருந்துதான்.

'வேறொரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருக்கிறது' என்று சொல்ற வகை இன்னும் சாது. யாரோ அந்தக் கோப்பைத் திறந்து வெச்சிருக்காங்க, அவங்க விட்டாதான் போகும். யாருன்னு பிராசஸ் எக்ஸ்ப்ளோரரில் தேடலாம். 2022-இல் பவர்டாய்ஸில் ஃபைல் லாக்ஸ்மித் வந்த பிறகு ரைட் கிளிக்கிலேயே தெரிஞ்சிடுது. லினக்ஸில் இந்தப் பஞ்சாயத்தே கிடையாது. பெயரை உடனே எடுத்திடும், திறந்து வெச்சிருக்கிற புரோகிராம் மூடும்வரை உள்ளடக்கம் மட்டும் வட்டில் கிடக்கும். எனக்கென்னவோ இதுதான் நாகரிகமாப் படுது.

சரி, நிஜமான நோய்க்கு வருவோம். 'கோப்பு சிதைந்துள்ளது, படிக்க முடியவில்லை' என்று வருமே, அது. நம்ம ஊரில் இதுக்கு முதல் காரணம் எழுதிக்கிட்டிருக்கும்போதே பென் டிரைவைப் பிடுங்குறது. இரண்டாவது, கரண்ட். பக்கத்துலயே நெய்வேலி, 1962-லேர்ந்து மின்சாரம் எடுக்கிற ஊர். 2012-இல் மணிக்கணக்கா பவர் கட்டில் நாங்க விசிறிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம்! எழுத்து பாதியில் நின்னா, எந்தக் கோப்பு எங்கே இருக்குன்னு சொல்ற அட்டவணை குழம்பிடும். அப்போதான் பெட்டி பெட்டியா எழுத்துகளோட, பல ஜிபி அளவுன்னு பொய் சொல்ற பேய்க் கோப்புகள் முளைக்கும்.

இதுக்கு எல்லாரும் சொல்றது செக்டிஸ்க். நல்ல கருவிதான், ஆனா அதோட வேலை அட்டவணையைச் சரி பண்றது, உங்க படங்களைக் காப்பாத்தறது இல்லை. கணக்கு டேலி ஆகலைன்னா ஒதுக்கித் தள்ளிடும். சிதறின துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் சிஹெச்கே கோப்புகளாக் கொட்டிட்டுப் போயிடும். அதனால முதலில் வேண்டியதை வேற இடத்துக்கு நகல் எடுங்க. டிஸ்க் முனகுதுன்னா லினக்ஸில் டிடிரெஸ்க்யூ வெச்சு முழுசா ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்க. மூணுமே இலவசம்.

நான் ஏன் இவ்வளவு கத்தறேன்னா, எங்க தெருப் பெரியப்பா ஒருத்தர். பழைய போனோட மெமரி கார்டைக் கொண்டு வந்தார். "டேய் தம்பி, இதுல ஒரு வீடியோ கெட்டுப்போய் நிக்குது. அழிச்சா போவுது, பிடுங்கி மறுபடி போட்டா திரும்ப வந்து உக்காந்துக்குது. பேய் புடிச்ச கார்டாடா இது?" கடையில் வழக்கம்போல ஃபார்மேட் என்று சொல்லியிருக்காங்க. நல்லவேளை, அன்னிக்குக் கடையில் கூட்டம்.

அது பேய் இல்லை. இந்த மாதிரி கார்டுகளில் சில, ஆயுள் முடியுற நேரத்தில் எழுதுறதை நிறுத்திக்கும், படிக்க மட்டும் விடும். நாம அழிச்சது கணினியின் நினைவில் மட்டும் அழியும், கார்டில் அப்படியே இருக்கும். உள்ளே இருந்தது என்ன தெரியுமா? அவரோட முந்திரித் தோப்பு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் வந்து சாய்ச்சுட்டுப் போறதுக்கு முன்னாடி எடுத்த படங்கள். பலா மரத்தடியில் இப்போ இல்லாத பெரியம்மா. கார்டு அடம்பிடிச்சதாலதான் அதெல்லாம் இருந்துச்சு. அந்த ஒரு வீடியோ தவிர மொத்தத்தையும் நகல் எடுத்துட்டோம். கார்டு எந்த நிமிஷமும் முழுசாப் போயிடலாம் என்பதால இரண்டு இடத்தில்.

கடைக்காரப் பையன்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. ஃபார்மேட்டுக்கு ரேட் இருக்கு, காரணம் தேடறதுக்கு ரேட் கிடையாது. இரண்டு மணி நேரம் தேடி, "சார், டிஸ்க் சாகப்போகுது, காப்பி எடுங்க"ன்னு சொன்னா நாமளே "இதுக்கா காசு?"ன்னு கேப்போம். அந்தக் காசைக் கொடுக்கணும் என்பேன் நான்.

வைரஸ் கோப்புக்கு மட்டும் என்கிட்ட இரக்கம் கிடையாது. ஃபோல்டர் படத்தைப் போட்டுக்கிட்டு பென் டிரைவ் பென் டிரைவா பரவின 'நியூ ஃபோல்டர்' புழுவை எத்தனை பிரவுசிங் சென்டரில் பார்த்திருக்கோம்! அந்தக் காலத்தில் சில தடுப்புக் கருவிகள் 'ஆட்டோரன்' பெயரில் அழிக்கமுடியாத ஒரு ஃபோல்டரை பென் டிரைவில் வேணும்னே உருவாக்கி வைக்கும், வைரஸ் அந்த இடத்தில் வந்து உட்காராம இருக்க. அதுக்கு உள்ளே வெச்ச தந்திரமும் அதே டாஸ் காலத்துப் பெயர்தான் :-) 2011 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் யூஎஸ்பிக்கான ஆட்டோரனை அப்டேட்டில் நிறுத்தின பிறகு அதுக்கு அவ்வளவா தேவையில்லாமப் போச்சு. உங்க பழைய பென் டிரைவில் அப்படி ஒண்ணு இன்னமும் அசையாம கிடந்தா, விட்டுடுங்க. கிடந்துட்டுப் போகட்டும்.