தோண்ட வேண்டாம், உழவனுக்குக் கொடுங்கள்

புதூர்நாட்டு மலைப் பக்கம் மரத்தடிப் பிள்ளையாரைக் கும்பிட வந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அவரோடு சில கருங்கற்கள் சேர்த்து வைத்திருப்போம். ஒரு முனை கூர்மையாக, மற்றபடி வழவழவென்று இருக்கும். ஏர் ஓட்டும்போது கிடைத்தவை. மஞ்சளும் குங்குமமும் எங்கள் உபயம். திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரிப் பேராசிரியர்கள் வந்து பார்த்து, புதிய கற்காலக் கோடாரிகள் என்றார்கள். சரி என்றோம். பூசையை நிறுத்தவில்லை.

கல் தப்பித்துவிடும், சாமியாகிவிட்டதே. வீடு தப்பிக்காது. மலைக்குக் கீழே பையம்பள்ளியில் 1964-65இலும் 1967-68இலும் இந்தியத் தொல்லியல் துறை அகழ்ந்தது. தரையில் குழி பறித்து, சுற்றிலும் கம்பு நட்டுக் கூரை போட்ட வீடுகள் வெளிப்பட்டன. கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. கொள்ளு இன்றும் எங்கள் பயிர். மூவாயிரம் ஆண்டு தாண்டிய அந்த வீட்டில் கம்பு மட்கிப்போயிருக்கும். அது நின்ற இடத்தில் மண்ணின் நிறம் மட்டும் வட்டமாக மாறியிருக்கும். அதுதான் சாட்சி. மேட்டைச் சமன் செய்ய வரும் ஜேசிபி ஒரே வாரலில் அதை அள்ளிப் போட்டுவிடும்.

அப்படியானால் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்துவிடலாமே என்பீர்கள். மத்திய அரசின் பாதுகாப்பு வந்தால் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடம் கூடாது; அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். ஒன்றரை ஏக்கர்க்காரன் என்ன செய்வான்? கொழுமுனையில் பானை ஓடு மாட்டினால் வரப்போரம் வீசிவிட்டு வாயை மூடிக்கொள்வான். நான் அவனைக் குறை சொல்ல மாட்டேன். மகனுக்கு வீடு கட்ட அவனுக்கு வேறு இடமில்லை.

இங்கிலாந்தின் ரட்லண்டில் 2020இல் ஒரு விவசாயியின் வயலில் ரோமானியர் கால மாளிகை கிடைத்தது. டிராய் போரைச் சித்திரித்த மொசைக் தளம் வேறு! 2021இல் சட்டப் பாதுகாப்பு கொடுத்தார்கள். ஆராய்ந்த பிறகு மண்ணைப் போட்டு மூடி, உழவை விட்டுப் புல்வெளியாக மாற்ற நிலத்துக்காரருக்குத் துணை நின்றார்கள். கூரை போட்டு டிக்கெட் விற்கவில்லை.

இங்கே அகழ்வுக்கும் அருங்காட்சியகத்துக்கும் பணம் ஒதுக்குகிறோம். தோண்டாமல் விடுகிற நிலத்துக்கும் ஒதுக்கினால் என்ன? டிராக்டர் ஏறாத ஏக்கருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தரட்டும். மாட்டு ஏர் பூட்டி மேலாகக் கீறிச் சாமை விதைத்துக்கொள்கிறோம், ஆடு மேய்த்துக்கொள்கிறோம். அடங்கலில் பயிர் எழுதும் கிராம நிர்வாக அலுவலரே பக்கத்தில் டிராக்டர் ஏறவில்லை என்பதையும் எழுதிவிடலாம். பணம் மட்டும் விதைப்புக்கு முன்னால் கைக்கு வரட்டும்.