தீப்பெட்டிக்குள் ஒரு குடும்பம்

சென்ற வாரம் பன்னிரண்டாம் வகுப்பில் தனிம வரிசை அட்டவணையைச் சுவரில் மாட்டி, அதன் வலது பக்கத்திலுள்ள 'பி' தொகுதியைப் பற்றி முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். முடிந்ததும் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "ஸார், இதெல்லாம் பரீக்ஷைக்குத்தானே? வீட்டிலே இந்தத் தொகுதி எங்கே இருக்கிறது?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்குக் கோபம் வரவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இருபது வருஷங்களாக நான் காத்திருந்த கேள்வி அது. ஆய்வுக்கூடத்து மேஜை மேலிருந்த தீப்பெட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அன்று அவனுக்குச் சொன்னதையே இன்று நேயர்களுக்கும் சொல்கிறேன்.

அணுவின் நடுவே கருவும் அதைச் சுற்றி எலெக்ட்ரான்களும் உண்டென்பது யாவரும் அறிந்ததே. அந்த எலெக்ட்ரான்களுக்கு வெவ்வேறு உருவமுள்ள இருப்பிடங்கள் உண்டு. 'பி' என்ற இருப்பிடத்தில் ஆறு எலெக்ட்ரான்களுக்கு மேல் இடமில்லை. கடைசியாக வந்த எலெக்ட்ரான் அங்கே குடியேறியிருந்தால் அந்த மூலகம் 'பி' தொகுதியைச் சேர்ந்தது. ஆறு இடங்களுக்கு ஆறு பத்திகள். 13 முதல் 18 வரை எண்ணிட்டவை. ஹீலியம் ஒன்று மட்டும் 'பி' எலெக்ட்ரான் இல்லாமலே பதினெட்டாம் பத்தியில் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறது. இந்தத் தொகுதி ஒரு விசித்திரமான கூட்டுக்குடும்பம். காற்றிலுள்ள பிராணவாயு, திரவமான புரோமின், மஞ்சள் கந்தகம், சமையலறை அலுமினியம், ஈயம், உலோகமா அல்லவா என்று சொல்ல முடியாத இரண்டுங்கெட்டான்கள், எல்லாம் ஒரே கூரையின் கீழ் வசிக்கின்றன.

இப்போது தீப்பெட்டியைப் பாருங்கள். குச்சி மரம், அதில் கரியும் பிராணவாயுவும் உண்டு. தலையில் கந்தகமும் பொட்டாசியம் குளோரேட்டும் இருக்கின்றன. அந்தக் குளோரேட்டில் பொட்டாசியம் மட்டுமே வேற்றுத் தொகுதி. குளோரினும் பிராணவாயுவும் நம் குடும்பத்தவை. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய பட்டையில் கண்ணாடித் தூள் உண்டு, அதாவது ஸிலிக்கன். சில பட்டைகளில் அஞ்சனக்கல் என்று நம் பாட்டிமார் அறிந்த ஆன்டிமனி ஸல்பைடும் சேரும். அந்தப் பட்டையின் செம்பழுப்பு நிறத்தில் ஒளிந்திருக்கும் கதாநாயகன்தான் பாஸ்பரஸ்.

பாஸ்பரஸுக்கு நேர் மேலே, அதே பதினைந்தாம் பத்தியில் இருப்பது நைட்ரஜன். இரண்டிற்கும் வெளி வட்டத்தில் ஐந்து எலெக்ட்ரான்கள். ஆயினும் காற்றில் 78 சதவிகிதமான நைட்ரஜன் நம்மைச் சுற்றிச் சாதுவாக இருக்கிறது. வெள்ளைப் பாஸ்பரஸோ நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தானே பற்றிக்கொள்ளும். உடன்பிறந்தார் இருவருக்குள் ஏன் இந்த வித்தியாஸம்?

நைட்ரஜன் அணு சிறியது. இரண்டு அணுக்கள் மிக நெருங்கி, மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொள்ளும். அந்தக் கட்டைப் பிரிப்பது மகா கஷ்டம். ஆகையால் அது வேறு எதனோடும் எளிதில் சேராது. பாஸ்பரஸ் அணு பெரியது. அவ்வளவு நெருங்க அதனால் இயலாது. எனவே நான்கு அணுக்கள் கூடி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றையும் பற்றிக்கொண்டு ஒரு முக்கோணக் கோபுரமாக நிற்கின்றன. 'பி' இருப்பிடங்கள் ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் அமைந்தவை. கோபுரத்தின் மூலைகளோ 60 டிகிரி. வளைத்துக் கட்டிய மூங்கிலைப் போல் அது எப்போதும் விடுதலைக்குத் துடிக்கிறது. சுமார் 30 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றுவதன் காரணம் இதுவே.

இதையே காற்றுப் படாமல் நன்றாகக் காய்ச்சினால், கோபுரங்களின் ஒரு பக்கம் திறந்து, ஒன்றோடொன்று கைகோத்துச் சங்கிலியாகிவிடும். அதுதான் சிவப்புப் பாஸ்பரஸ். அதே அணுதான், ஒன்று கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் இது பற்றுவதற்குச் சுமார் 260 டிகிரி வேண்டும். வெள்ளை கொடிய விஷம், சிவப்பு அப்படியல்ல.

இந்த வித்தியாஸத்தை மனிதர் தெரிந்துகொண்ட பின்னும் நடந்ததே நான் சொல்ல வந்த விஷயம்.

1669-ல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்ட் என்பவர் மூத்திரத்தைக் காய்ச்சித் தங்கம் தேடியபோது பாஸ்பரஸைக் கண்டார். 1830-களில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகள் ஐரோப்பாவெங்கும் பரவின. எங்கே உரசினாலும் பற்றும், விலையும் மலிவு. ஆனால் அவற்றைச் செய்த தொழிலாளர்களின் பல்லில் வலி தொடங்கும். பிறகு ஈறு வீங்கும். கடைசியில் தாடை எலும்பே அழுகி நாறும். எலும்பை அறுத்து எடுப்பதைத் தவிர வேறு வழியில்லாமல் போனவர்கள் பலர். 1840-களின் பிற்பகுதியிலேயே வியன்னாவில் ஷ்ரோட்டர் என்பவர் சிவப்புப் பாஸ்பரஸ் செய்யும் வகையைக் காட்டிவிட்டார். 1855-ல் ஸ்வீடன் தேசத்து லுண்ட்ஸ்ட்ரோம் அதைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, ஆபத்தில்லாத தீப்பெட்டியை உலகத்துக்குக் காட்டினார். விஞ்ஞானம் தன் வேலையை முடித்துவிட்டது. ஆயினும் மேலும் அரை நூற்றாண்டு தாடைகள் அழுகின! வெள்ளை மலிவாயிற்றே!

1888 ஜூன் மாதம் லண்டனில் ஒரு பெண்மணி, பிரையன்ட் அண்டு மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்களின் நிலையைப் பத்திரிகையில் எழுதி அம்பலப்படுத்தினார். பின்னாளில் அடையாறில் வாழ்ந்து, 1917-ல் கல்கத்தா காங்கிரஸுக்குத் தலைமை வகித்த அன்னி பெஸன்ட் அம்மையார்தான் அவர். அடுத்த மாதமே சுமார் 1400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அபராதங்கள் ஒழிந்தன, வேலை மேஜையிலேயே பாஸ்பரஸோடு சோற்றையும் தின்ற கொடுமை நீங்க, சாப்பிடத் தனி அறை கிடைத்தது. 1906-ல் பெர்ன் நகரத்தில் பல தேசங்கள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிகளை விலக்க உடன்பட்டன. இந்தியாவில் 1913-ல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்று 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கியபோது அந்த விஷம் சட்டவிரோதமாகியிருந்தது. சிறு பிள்ளைகளை வேலைக்கு வைத்த பாவமும், தீ விபத்துகளும் அங்கே நேர்ந்தன என்பதை மறைப்பதற்கில்லை. தாடை அழுகும் துயரமாவது சட்டத்தால் தடுக்கப்பட்டது.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். பையன் ஒரு குச்சியை எடுத்துச் சிமென்டுத் தரையில் இரண்டு தடவை உரசினான். பற்றவில்லை. "குச்சி நமுத்துப் போயிருக்கிறது, ஸார்" என்றான்.

"பெட்டியில் உரசிப் பார்" என்றேன்.

உடனே பற்றிக்கொண்டது. உரசும் சூட்டில் பட்டையிலுள்ள சிவப்புப் பாஸ்பரஸில் ஓர் அணுவளவு வெள்ளையாக மாறி எரிகிறது. அந்தச் சூட்டில் குளோரேட் பிராணவாயுவைக் கக்க, கந்தகம் பற்றுகிறது. விஷம் பிறப்பதும் எரிந்து போவதும் கண நேரத்து வேலை. பற்ற வைப்பதைப் பெட்டியிலும் பற்றுவதைக் குச்சியிலுமாகப் பிரித்து வைத்ததே அந்த ஸ்வீடன் தேசத்தாரின் சாமர்த்தியம்.

பையன் குச்சி விரலைச் சுடும் வரையில் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "அப்படியானால் குணம் அணுவில் மட்டும் இல்லை, ஸார், எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதிலும் இருக்கிறது" என்றான்.

முக்கால் மணி நேரப் பிரசங்கத்தில் நான் சொல்லத் தவறியதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். அவன் சொன்னது பாஸ்பரஸை. எனக்கோ, லண்டனில் தனித்தனியே நோவைச் சகித்திருந்து, ஒரு நாள் ஒன்றாய் வெளியே வந்த அந்த 1400 பேரின் ஞாபகம் வந்தது. இன்று மாலை விளக்கேற்றும்போது நேயர்களும் தீப்பெட்டியின் பக்கவாட்டை ஒரு கணம் பாருங்கள்.