பாம்பாட்டியின் பாட்டும் மின்கித்தாரும்

திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ‘அவியல்’ குழு 2008-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பைத் தமிழ் இசை விமர்சனம் இன்றுவரை பொருட்படுத்தியதில்லை. மலையாள ராக் இசையின் தொடக்கப்புள்ளி என்று கேரளத்தார் கொண்டாடும் தொகுப்பு அது. மலையாளத்தில் இருப்பதால் தமக்குரியதன்று எனத் தமிழ் எழுத்தாளர்கள் விட்டுவிட்டார்கள் போலும். வடகரப்பதியில் நின்று கேட்டால் இந்தப் பிரிவினை எவ்வளவு செயற்கையானது என்பது புலப்படும்.

அத்தொகுப்பின் ‘ஆடு பாம்பே’ என்ற பாடலை எடுத்துக்கொள்ளலாம். அதன் சொற்கள் ஸ்ரீ நாராயண குருவின் குண்டலினிப் பாட்டிலிருந்து வந்தவை. குருவின் பாட்டுக்கு முன்மாதிரியோ பாம்பாட்டிச் சித்தரின் தமிழ்ப் பாடல்கள். பாம்பை ஆடச் சொல்லி அழைக்கும் அந்த ஈற்றடியைத் தமிழ் மாணவர் எவரும் அறிவர். குரு தமிழ் நூல்களில் தோய்ந்தவர், தமிழிலேயே பதிகங்கள் இயற்றியவர், மருத்துவாமலையில் தவமிருந்தவர். பாம்பாட்டிச் சித்தரின் குகை எனக் காட்டப்படுவது கோவை மருதமலையில் இருக்கிறது. வடகரப்பதியும் கோவை மாவட்டத்தின் எல்லையை ஒட்டிய ஊராட்சிதான். ஆக, மருதமலையில் பிறந்ததாகச் சொல்லப்படும் ஒரு சொல்லமைதி தெற்கே போய், மலையாளம் பேசி, ரெக்ஸ் விஜயனின் மின்கித்தாரோடு எல்லைக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதைப் புதிய வெளியீடு என்பதா, பழைய வெளியீடு என்பதா?

சித்தூர் வட்டத்தின் இந்தக் கிழக்கோரத் தமிழர்கள் முன்பு கொச்சி அரசின் குடிகள். 1956 நவம்பர் 1 முதல் கேரளத்தவர். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம், சந்தையில் இரண்டும். மொழிவாரியாக வகுக்கப்பட்ட இசை விமர்சனத்தில் இவர்களுடைய செவிக்கு இடமில்லை. மலையாளப் பத்திரிகை இவர்களைத் தமிழர் என்று ஒதுக்கும். தமிழ்ப் பத்திரிகைக்கோ இவர்கள் கேரளத்தார். இழப்பு இவர்களுக்கு மட்டும் உரியதன்று. ‘96’ திரைப்படத்தின் இசைக்காகக் கோவிந்த் வசந்தாவைத் தமிழகம் 2018-இல் தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. ஆனால் அவர் ‘தைக்குடம் பிரிட்ஜ்’ குழுவில் இருந்து உருவாக்கிய ‘நவரசம்’ தொகுப்பைத் தேடிப் போனவர் சிலரே. ஒன்பான் சுவையை அடியாகக் கொண்ட அத்தொகுப்பைக் கேட்டுவிட்டு, மெய்ப்பாடு எட்டே என்று தொல்காப்பியத்தைக் காட்டி வாதிடவாவது ஒரு தமிழாசிரியர் முன்வந்திருக்கலாம்!

திரைப்படம் கைகாட்டினால் மட்டுமே கேட்பது என்ற பழக்கம் நமக்குப் புதிதன்று. இலங்கையில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பைலாவின் துள்ளலைத் தமிழாக்கி ஒரு பொப் மரபையே நிறுவினார்கள். தமிழகத்தில் அது திருமண வீட்டுக் கேளிக்கையாகச் சுருங்கியது. இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ 1986-இல் வந்தது. அவருடைய திரைப்பாடல்களைப் பற்றி எழுதப்பட்டதில் நூற்றில் ஒரு பங்காவது அதைப் பற்றி எழுதப்பட்டிருக்குமா என்பது ஐயமே. பாட்டு என்றால் முதலில் வரிகளைத் தேடும் தமிழ் மனத்துக்கு ஒலியை மட்டும் வைத்துப் பேசுவது கடினமாக இருக்கிறது. ராக் இசையிலோ பேஸ் கித்தார் எங்கே தாழ்கிறது, டிரம்ஸ் எங்கே நிற்கிறது என்பதும் பொருளின் பகுதி. வரிகளை மட்டும் பிரித்தெடுத்து விளக்குவது, கூத்தைப் பார்க்காமல் அதன் வசனத்தை மட்டும் படிப்பதற்கு ஒப்பாகும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு: ராக் இரவல் வடிவம், அதற்கு இத்தனை அக்கறை எதற்கு என்பது. வயலினும் ஆர்மோனியமும் வந்த வழியை நினைத்தால் இம்மறுப்பு நிற்காது. கவனிக்க வேண்டிய மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மா ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் இருளர் மொழியில் பாடியதற்காக, 2022-இல் அவருக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. முறையாக இசை கற்காதவருக்கு அவ்விருது தகுமா என்று சில இசைக்கலைஞர்கள் கேட்டார்கள். பயிற்சியை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால் உலகின் ராக் பாடகர்களில் பாதிப்பேர் தேறமாட்டார்கள் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்தக் குரலின் சுருதியை, மூச்சை, நீட்டலை யாரும் விவாதிக்கவில்லை. ஆதரித்தவர்களும் அவருடைய எளிமையைத்தான் புகழ்ந்தார்கள். இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கியது. வடகரப்பதிக்காரருக்கு அப்பாட்டில் பல சொற்கள் பிடிபடும். அவரிடம் கருத்துக் கேட்டவர் இல்லை.

2021-இல் வந்த ‘என்ஜாய் என்சாமி’யும் இதே கதிக்கு உள்ளானது. பாடலின் உரிமை யாருக்கு, அட்டைப்படத்தில் யார் முகம் என்பதைப் பற்றி நாடே பேசியது. அறிவின் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர் என்பதும் பேசப்பட்டது. இடுக்கியின் மூணாறு லயங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த வரலாறு அடுத்த வீட்டுக் கதை. ஆயினும் அப்பாடலில் ஒப்பாரி எந்த இடத்தில் நடனத் தாளமாக மாறுகிறது, மாறும்போது துக்கம் எங்கே போகிறது என்று எழுதியவர் அரிது.