கீப்பு

1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட்டின் பெயரில், நெசவாளர்களுக்காக எழுந்த ஊர் கோலெட்பேட்டை. ஊர் வாய் அதைக் காலடிப்பேட்டை ஆக்கிவிட்டது. வெள்ளைக்கார ஆளுநரையே காலடிக்கு இறக்கிய அந்த வாய், இன்னொரு ஆங்கிலச் சொல்லை மட்டும் சிந்தாமல் சிதறாமல் வைத்திருக்கிறது. குழாயடியில் நீங்களும் கேட்டிருப்பீர்கள்: "அவ அந்தாளோட கீப்பு."

ஆங்கிலத்தில் கீப் முதலில் ஒரு வினைச்சொல். வைத்திரு, காப்பாற்று, பேணு. பெயர்ச்சொல்லாக வந்தால் கோட்டையின் உள்கோபுரம், அல்லது ஒருவரின் சோற்றுக்கும் தங்கலுக்கும் ஆகும் செலவு. அங்கேயும் 'கெப்ட் வுமன்' உண்டு. அவர்கள் ஒன்றும் யோக்கியர்கள் இல்லை. ஆனால் அதில் 'வுமன்' என்றாவது ஒரு சொல் மிஞ்சியிருந்தது. இங்கே அதையும் வெட்டி எறிந்தாயிற்று. திருவொற்றியூர், எண்ணூர் தொழிற்சாலைகளில் ஸ்டோர் கீப்பர், டைம் கீப்பர் என்றால் மனதில் வருபவன் ஆண். ஹவுஸ் கீப்பிங் என்றால் ஒப்பந்தக் கூலிக்குத் துடைப்பம் பிடிக்கும் பெண். கீப்பு என்றால் ஆளே இல்லை, ஒரு பொருள். தமிழ் மட்டும் என்ன வாழ்கிறது? வங்கியில் போடுவதும் வைப்பு, இவளும் வைப்பு.

"பொம்பளையைப் பத்தியும்தான் 'ஒருத்தனை வச்சிக்கினு கீறா'ன்னு சொல்றாங்களே" என்று ஒரு தோழர் கிளம்புவார். சொல்கிறார்கள்தான். எழுவாய் மாறுகிறது, வசவு இடம் மாறுவதில்லை. வைத்தாலும் அவள்தான் கெட்டவள், வைக்கப்பட்டாலும் அவள்தான்.

குழாயடி கிடக்கட்டும், உச்ச நீதிமன்றத்துக்கு வருவோம். கோவைக் குடும்பநல நீதிமன்றத்தில் ஒரு பெண் ஜீவனாம்சம் கேட்டார். மாதம் 500 ரூபாய். அவருடன் வாழ்ந்துவிட்டு விலகிய ஆசிரியர், தனக்கு ஏற்கெனவே மணமாகிவிட்டது என்றார். மேல்முறையீடு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2010 அக்டோபர் 21 அன்று நீதிபதிகள் மார்க்கண்டேய கட்ஜு, டி.எஸ். தாக்கூர் அமர்வு, 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்லும் 'திருமணம் போன்ற உறவு' எது என்று விளக்கியது. பணம் கொடுத்துப் பராமரித்து, முக்கியமாக உடலுறவுக்கோ வேலைக்காரியாகவோ ஒருவன் பயன்படுத்தும் 'கீப்' அதில் அடங்கமாட்டாள் என்றது. அடுத்த நாளே, அப்போது கூடுதல் சொலிசிட்டர் ஜெனரலாக இருந்த இந்திரா ஜெய்சிங் அதே அமர்வின் முன் ஆட்சேபித்தார். ஒரு பெண் தான் ஓர் ஆணை 'வைத்திருப்பதாக'ச் சொல்வாளா என்று கேட்டார்.

அந்த வாக்கியத்தில் எனக்கு இன்னும் உறுத்துவது 'பராமரிக்கிறான்' என்பது. காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்து, கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்று, அந்தக் காசில் அவனுக்கும் சேர்த்து உலை வைக்கிறவளை யார் பராமரிக்கிறார்கள்? இட்லிக் கடை போட்டு அவன் வட்டியை அடைக்கிறவளை? அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுபவனுக்கு என்ன பெயர்? அகராதியில் தேடாதீர்கள்.

2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமே ஒரு கையேடு வெளியிட்டு, 'கீப்' வேண்டாம் என்றது. மணத்துக்கு வெளியே ஓர் ஆண் உறவு கொண்டிருந்த பெண் என்று எழுத வேண்டுமாம். நல்லது. ஆனால் இப்போதும் எழுவாய் அவன்தான். அதைவிட, சொல் போனாலும் அது சாத்திய கதவு அப்படியே இருக்கிறது. மணமானதை மறைத்து ஏமாற்றப்பட்டவளுக்கு 2013இல் ஒரு தீர்ப்பு ஜீவனாம்ச வழியைத் திறந்தது. தெரிந்தே பல ஆண்டுகள் கூட வாழ்ந்தவளுக்கு, அதே ஆண்டு இன்னொரு தீர்ப்பு குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பை மறுத்தது. அவனுக்கும்தான் எல்லாம் தெரியும். முதல் மனைவி அவன் வீட்டில்தானே இருந்தார்? இப்படிப்பட்ட பெண்களுக்காக நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் அதைப் படித்தீர்கள்? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வருகிறவர்களிடம் கேளுங்கள்.