ஸ்கோப் மாட்டினா ஸ்நைப்பர் ஆயிடுமா?

ஆணி அதிகம். பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கும் எழுதற ஐடியா இல்லை. ஆனா பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ பார்த்த ஒரு அட்டை மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு. கொட்டிடறேன்.

பெரம்பலூர் பக்கம் ஒரு கண்காட்சி. எந்த இடம், யார் நடத்தினாங்கன்னு கேக்காதீங்க. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, செயலிழக்க வைத்த ஒரு .303. அது தலையில ஒரு ஸ்கோப். கீழே அட்டை: "இரண்டாம் உலகப்போர் ஸ்நைப்பர் துப்பாக்கி. பர்மா போர்முனையில் நம் மண்ணின் மைந்தர் பயன்படுத்தியது." பக்கத்துலயே மைந்தரோட போட்டோ.

எங்க தாத்தா.

போட்டோ கொடுத்தது பெரியப்பா. தாத்தா அரியலூர் பக்கத்து கிராமத்துல இருந்து மெட்ராஸ் சாப்பர்ஸ்ல சேர்ந்து பர்மா போனவர். அது நிஜம். சாப்பர்னா பாலம் கட்டுறவன், ரோடு போடுறவன், கண்ணிவெடி எடுக்குறவன். அவரோட டிஸ்சார்ஜ் பேப்பர் இன்னும் டிரங்குப் பெட்டியில இருக்கு. அதுல ஸ்நைப்பர்ங்கற வார்த்தையே கிடையாது. தாத்தாவும் ஒரு நாள் கூட அப்படிச் சொன்னதில்லை. கொசு, மலேரியா, சேறு, இடிஞ்ச பாலம், இதைத்தான் சொல்லுவார்.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் ராணுவ ஸ்நைப்பர்னா நம்பர் 4 மார்க் 1 (டி). தொழிற்சாலையில நல்லா குறி நிக்கிற நம்பர் 4 ரைஃபிள்களைப் பொறுக்கி எடுத்து, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனிக்கு அனுப்புவாங்க. 1942ல இருந்து 20 ஆயிரத்துக்கும் மேல மாத்திக் கொடுத்தாங்க. பாடியோட இடது பக்கம் ரெண்டு இரும்புத் திண்டு வைச்சுத் திருகி, திருகு கழலாம இருக்க பஞ்ச் வைச்சுத் தட்டிடுவாங்க. அந்தத் திண்டுகள்ல ஒரு பிராக்கெட், கையால திருகுற ரெண்டு பெரிய ஸ்க்ரூவோட உக்காரும். பிராக்கெட்டுல நம்பர் 32 ஸ்கோப். அந்த ஸ்கோப் முதல்ல பிரென் கன்னுக்காக யோசிச்சதுங்கறது கொசுறுத் தகவல்.

சூட்சுமம் எண்கள்ல இருக்கு. ரைஃபிள் எண்ணை பிராக்கெட்டுல அடிப்பாங்க. ஸ்கோப் எண்ணை கட்டையில, கைப்பிடி மேல அடிப்பாங்க. பாடியில டி, கட்டைக்கு அடியில எஸ்51. ஏன் இவ்வளவு மெனக்கெடணும்? ஒரு ரைஃபிளுக்குச் சரி பண்ணின ஸ்கோப்பைக் கழட்டி இன்னொண்ணுல மாட்டினா குறி தப்பும். எண்கள் பொருந்தினா அது ஜோடி. இல்லாட்டி யாரோ பின்னாடி சேர்த்து வைச்சது. ரெண்டு டேபிளை ஜாயின் பண்ணினா கீ மேட்ச் ஆகணும், அவ்ளோதான்.

நம்ம கண்காட்சிப் பெட்டியில என்ன இருந்துச்சு? ஏர்கன்னுக்கு விக்கிற ஸ்கோப். கடையில வாங்கின பளபளா கிளாம்ப். இடது பக்கம் திண்டும் இல்லை, திண்டு இருந்த தழும்பும் இல்லை. அதை விடுங்க, அது நம்பர் 4 கூட இல்லை. நம்பர் 4ல குழல் முனை கொஞ்சம் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். இதுல மூக்கு மொட்டையா, குழலும் மூடியும் ஒரே மட்டத்துல. அதாவது நம்பர் 1 மார்க் 3. வங்காளத்துல இஷாப்பூர் ஃபாக்டரி போர் முழுக்க இந்திய ராணுவத்துக்குச் செஞ்சு தள்ளின சாதாரண ரைஃபிள். தாத்தா போட்டோவைப் பாருங்க, அவர் கையில இருக்கறதும் அதே மொட்டை மூக்குதான்! அதுக்கு எதுக்கு ஸ்கோப்?

நம்பர் 1லயும் ஸ்நைப்பர் உண்டேன்னு யாராவது வருவீங்க, தெரியும். முதல் உலகப்போர்ல உண்டு. ரெண்டாவதோட கடைசியில ஆஸ்திரேலியாக்காரன் லித்கோவுல கனமான குழல் போட்டு கொஞ்சம் செஞ்சான். அதுக்கும் தனி முத்திரை இருக்கு. இதுல அதுவும் இல்லை.

முத்திரை இருந்தாலும் உடனே நம்பிடக் கூடாது. டி எழுத்து பஞ்ச் எவன் வேணும்னாலும் வாங்கலாம். வெளிநாட்டுல அசல் ஜோடிக்கு சாதாரண ரைஃபிளை விட பல மடங்கு விலை, அதனால போலி பிராக்கெட், போலி முத்திரை எல்லாம் தாராளமா கிடைக்குது. கடைசியில பேப்பர்தான் பேசணும்.

பேப்பர் பேசினா என்ன ஆகும்னு பகத்சிங் பிஸ்டலைப் பாருங்க. 1928 டிசம்பர் 17, லாகூர்ல சாண்டர்ஸைச் சுட்ட வழக்கு. கோல்ட் .32 ஆட்டோமேட்டிக், எண் 168896. வழக்கு ஆவணத்துல எண் இருந்துச்சு. பிஸ்டல் மட்டும் இந்தூர்ல எல்லைப் பாதுகாப்புப் படை அருங்காட்சியகத்துல, மத்த பழைய பிஸ்டலோட பிஸ்டலா கிடந்துச்சு. 2016ல ஒரு பத்திரிகையாளர் தேடிக்கிட்டுப் போக, கறுப்பு பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்தா அதே எண். அப்புறம்தான் ஹுசைனிவாலாவுக்குப் போச்சு. யாராவது அவசரப்பட்டு வேற ஒரு கோல்ட்டுக்கு "பகத்சிங் பிஸ்டல்"னு அட்டை எழுதியிருந்தா, அசலை எவன் தேடியிருப்பான்?

இதை அமைப்பாளர்கிட்ட சொன்னேன். "பசங்க பெருமைப்படட்டுமே தம்பி, எதுக்குக் கெடுக்கறீங்க"ன்னார். இந்த லாஜிக் நம்ம மாவட்டத்துக்குப் புதுசா? 2020ல குன்னத்துல உருண்டைக் கல்லு கிடைச்சதும் டைனோசர் முட்டைன்னு ஊரே கூடுச்சு. முட்டை இல்லப்பா, அம்மோனைட் காலத்துக் கடல் படிவம்னு புவியியல்காரங்க சொன்னதும் எல்லார் மூஞ்சியும் தொங்கிப் போச்சு. காலுக்குக் கீழ பல கோடி வருஷத்துக் கடல் இருக்கு, அது பத்தலை. முட்டைதான் வேணும்!

தாத்தாவுக்கும் அதே கதி. பாலம் கட்டினவர் பத்தலை, ஸ்நைப்பர் வேணும். அட்டையைப் படிச்ச பையன் ஒருத்தன் "எத்தனை பேரைச் சுட்டிருப்பார்ணே"ன்னு என்கிட்டயே கேட்டான். அவர் எத்தனை பாலம் கட்டினார்னு எவனும் கேக்கப் போறதில்லை, ஏன்னா அட்டையில பாலமே இல்லை.

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில வேலை பார்த்து ரிட்டையர் ஆன சித்தப்பா ஒருத்தர் இருக்கார். போட்டோ எடுத்து அனுப்பினேன். "நம்பர் எங்கடா?"ன்னு ஒரே கேள்வி. பாடியில எண் இருந்த இடத்தை யாரோ எமரி போட்டுத் தேய்ச்சு பாலிஷ் பண்ணியிருக்காங்க. அழகா இருக்கணும்ல! அது எந்த வருஷம் செஞ்சது, எந்தப் படைக்குப் போச்சுன்னு தேட இருந்த ஒரே நூலும் போச்சு. பொய் அட்டையைக் கிழிச்சுடலாம். தேய்ச்ச எண்ணை என்ன பண்றது?

தாத்தாவோட டிஸ்சார்ஜ் பேப்பரை ஸ்கேன் பண்ணி, "நம்பர் 1 மார்க் 3, இஷாப்பூர் வகை. மெட்ராஸ் சாப்பர்ஸ் வீரர்கள் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு பாலம் கட்டினார்கள்"னு புது அட்டை அடிச்சுக் கொடுத்துட்டு வந்தேன். வைச்சாங்களான்னு தெரியாது. "அப்பா மானத்தை வாங்கிட்டான்"னு பெரியப்பா சொன்னதா அம்மா சொன்னாங்க. நேத்து போன் பண்ணினேன். எடுக்கலை.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு பரண்ல தாத்தா துப்பாக்கி தேடுற ஆசை வந்தா, நம்ம ஊர்ல .303 தடை செய்யப்பட்ட ரகம்னு ஞாபகம் இருக்கட்டும். கிடைச்சா போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்க. எமரி பேப்பரைத் தொடாதீங்க.