குடலின் கதவும் கோவில் தீர்த்தமும்



பேட்டையிலாகட்டும், தாமிரபரணிக் கரையிலுள்ள வேறெந்த ஊரிலாகட்டும், கைக்குழந்தைக்கு வயிற்றால் போக ஆரம்பித்ததும் இன்னும் பல வீடுகளில் நடக்கின்ற காரியம் என்ன? "கண்ணேறு பட்டுவிட்டது" என்பாள் ஆச்சி. "தோஷம் தட்டிவிட்டது" என்பாள் அடுத்த வீட்டுக்காரி. ஒருவர் கோவில் தீர்த்தத்துக்கு ஓடுவார். ஒருவர் ஓதி ஊதிய தண்ணீருக்கு ஓடுவார். இவற்றைவிடக் கொடுமை ஒன்றுண்டு. "தண்ணீர் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் போகும்" என்று சொல்லிப் பிள்ளையின் வாயைக் கட்டிவிடுவார்கள். நாவரண்டு, கண் குழிந்து பிள்ளை செத்த பிறகு, "தலையெழுத்து" என்று முடித்துவிடுவார்கள். எழுதியவன் யார் என்று நாம் கேட்டால், நாஸ்திகன் என்று திட்டுவார்கள்.

தலையில் எழுத்து ஒன்றுமில்லை. குடலில் ஒரு கதவு இருக்கின்றது. அந்தக் கதவின் கதையைத்தான் சொல்லப் போகின்றோம்.

நம் உடம்பு கோடானுகோடி உயிரணுக்களாலானது. ஒவ்வோர் அணுவையும் ஒரு மெல்லிய சவ்வு சூழ்ந்திருக்கின்றது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், அதில் ஏழெட்டுப் பங்குதான் அதன் கனம். அது கொழுப்பு இரண்டு வரிசையாக நின்று ஆனது என்பதை 1925-ல் ஹாலந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர் இருவர் கணக்கிட்டுச் சொன்னார்கள். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது அடுப்படியில் நிற்கிறவர்களுக்கெல்லாம் தெரியும். ஆகவே தண்ணீரில் கரைந்த உப்பும் சர்க்கரையும் அந்தக் கொழுப்பைத் தாண்ட முடியாது. அவை போய்வருவதற்குச் சவ்வில் புரதத்தாலான வாசல்கள் பதிந்திருக்கின்றன. உப்பு எந்தப் பக்கம் போகிறதோ, தண்ணீரும் அந்தப் பக்கமே போகும். மீனில் உப்பைப் போட்டால் தண்ணீர் வெளியே வந்து கருவாடாவதும் இதனால்தான்.

இனிக் காலராவுக்கு வருவோம். வாந்திபேதி ஊரில் புகுந்தால் அம்மன் கோபம் என்று கடா வெட்டிய நாடு இது. 1884-ல் கல்கத்தாவிலேயே ராபர்ட் காக் அதன் கிருமியைக் கண்டறிந்தார். 1959-ல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் வைத்தியர், அந்தக் கிருமி உண்டாக்கும் விஷமே பேதிக்குக் காரணம் என்று முயலின் குடலைக் கொண்டு நிரூபித்தார். அந்த விஷம் குடலின் அணுக்களைக் கொல்லுவதில்லை. உப்பின் ஒரு பகுதியான குளோரைடு வெளியேறும் வாசலைத் திறந்தபடியே நிறுத்திவிடுகின்றது. உப்பு ஓட, பின்னால் தண்ணீர் ஓட, கடும் நோயாளி மணிக்கு ஒரு லிட்டர்கூட இழந்துவிடுவான்.

ஆனால் இன்னொரு வாசல் கெடாமல் இருக்கின்றது. உப்பிலுள்ள சோடியமும் குளூக்கோஸ் சர்க்கரையும் ஜோடியாக வந்தால், அந்த வாசல் இரண்டையும் உள்ளே எடுத்துக்கொள்ளும். தண்ணீரும் கூடவே உள்ளே வரும். இதை 1960-ல் ராபர்ட் கிரேன் எடுத்துச் சொன்னார். வெறும் தண்ணீர் போதாததற்கும், உப்பும் சர்க்கரையும் சேர வேண்டியதற்கும் காரணம் இதுதான்.

1971-ல் கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிந்த பன்கான் முகாமில் காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்தது. திலீப் மகலனாபிஸ் என்னும் வைத்தியர் உப்பு, சோடா உப்பு, குளூக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கரைத்து, நோயாளியின் தாயையும் தகப்பனையுமே கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு 4 பேருக்கும் கீழே இறங்கிற்று. எந்த அம்மன் இறங்கி வந்தாள்? எந்த மந்திரம் பலித்தது?

"இவ்வளவு நேர்த்தியான வாசலை வைத்தவன் கடவுளல்லவா?" என்று வைதீகர் கேட்கலாம். அப்படியானால் அதைத் திறந்துவிடும் கிருமியை வைத்தவன் யார் என்று கேட்கின்றோம். பூட்டு செய்தவனே கள்ளச் சாவியும் செய்து திருடனிடம் கொடுத்தானென்றால், அவனை நாம் கும்பிடுவதா?

இன்னொன்றும் கவனியுங்கள். அக்கிரகாரத்துப் பிள்ளையின் குடலிலும் சேரிப் பிள்ளையின் குடலிலும் இருப்பது ஒரே வாசல்தான். அது உப்பைக் கேட்கும், சர்க்கரையைக் கேட்கும், ஜாதியைக் கேட்காது. அணுவுக்கு இருக்கிற நியாயம்கூட மனிதனுக்கு வேண்டாமா?

2018-ல் மகா புஷ்கரம் என்று சொல்லி, 144 வருஷத்துக்கு ஒருமுறை வரும் புண்ணியம் என்று ஜனங்களைத் தாமிரபரணியில் முழுக வைத்தார்கள். பாவம் போயிற்றோ என்னவோ, ஆற்றில் கலக்கும் சாக்கடை போகவில்லை. கிருமி வரும் வழி அதுவே.

ஆகையால் பீடி சுற்றும் தாய்மாரும் ஆலைக்குப் போகும் தோழர்களும் மனத்தில் வைக்க வேண்டியது இதுதான்: காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலைதட்டிய சிறு கரண்டியால் சர்க்கரை ஆறு, உப்பு அரை. உப்பு கூடக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கிடைத்தால் அதுவே மேல். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம் வந்தாலோ, பிள்ளை குடிக்கமாட்டாமல் துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இந்தத் தண்ணீர் பேதியை அப்போதே நிறுத்திவிடாது, சாவை நிறுத்தும்.

உப்போ நமது தூத்துக்குடியில் விளைகின்றது. சர்க்கரை அடுப்படியில் இருக்கின்றது. இல்லாதது அறிவு ஒன்றுதான். அதையும் கலந்து கொடுப்பதே நமது வேலை.