பள்ளி வாசலில் நிற்கும் எஞ்சின்

எங்கள் ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில், வாசலில் காத்திருக்கும் வண்டிகளின் எஞ்சினை அணைக்கச் சொல்லி ஒரு பிரசாரம் நடத்தப் போகிறார்கள். பிள்ளைகள் பதாகை பிடித்து ஊர்வலம் போவது, ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று திட்டம். தெருக்காரர்கள் சிலரிடமும் யோசனை கேட்டார்கள். நான் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நோக்கம் நூற்றுக்கு நூறு சரி. போகிற வழியில்தான் எனக்கு மாறுபாடு.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. ஒரு சிறிய பெட்ரோல் கார் நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால், ஏசி இல்லாமலே, மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். பள்ளி விடும் நேரத்தில் 30 கார்கள், ஒவ்வொன்றும் 20 நிமிடம் காத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 10 மணி நேரம், 6 லிட்டர். வருடத்துக்கு 200 பள்ளி நாட்கள் என்றால் 1,200 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் 1,20,000 ரூபாய். ஒரு தெருவில், ஒரு பள்ளி வாசலில், ஒரு அங்குலம்கூட நகராமல் எரிந்துபோகிற பணம் இது. ஏசி போட்டிருந்தால் இன்னும் கூடும்.

பணம் அவரவர் பாடு என்று விட்டுவிடலாம். புகை அப்படி இல்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. புகைக்குழாய் இருக்கிற உயரத்துக்குப் பக்கத்தில்தான் எல்.கே.ஜி. குழந்தையின் மூக்கும் இருக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள். குழந்தையாவது பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போய்விடும். வாசலில் நிற்கிற வாட்ச்மேனும், கொய்யாப்பழக் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அம்மாவும் எங்கே போவார்கள்? இந்தப் பேச்சில் அவர்கள் பெயரை யாரும் எடுக்கவில்லை.

இப்படிப்பட்ட பிரசாரம் நமக்குப் புதிதல்ல. 1978-இல் தொடங்கிய பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சி சங்கம், சிக்னலில் எஞ்சினை அணையுங்கள் என்று பல வருடங்களாகச் சொல்லிவருகிறது. டில்லி அரசு 2020 அக்டோபரில், சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணைக்கச் சொல்லி பெரிய இயக்கமே நடத்தியது. சந்திப்புகளில் தொண்டர்களை அட்டையோடு நிறுத்தினார்கள். ஆனால் சிக்னலில் நமக்கு ஒரு பதற்றம் இருக்கிறது. விளக்கு எப்போது மாறுமோ, பின்னால் இருப்பவன் ஹாரன் அடிப்பானோ என்று சாவியில் கை போகாது. பள்ளி வாசலில் அந்தச் சாக்குக்கு இடமே இல்லை. மணி அடிக்கும் நேரம் ஊருக்கே தெரியும். ஆகவே இது சிக்னலைவிடச் சுலபமாக வெல்லக்கூடிய இடம் என்பது என் கருத்து.

சட்டம் போட்டால் போதாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 126-ஐப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஆள் இல்லாமல் பொது இடத்தில் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைத்து பிரேக் போட வேண்டும் என்கிறது. வண்டி தானாக உருண்டு போகாமல் இருக்க வந்த விதி அது. டிரைவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தால் அந்தப் பிரிவு அவரைத் தொடாது. பிரான்சில் 1963 நவம்பர் 12 தேதியிட்ட ஓர் அரசாணை இருக்கிறது. நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பதால் அதை மூலத்திலேயே வாசித்தேன். நிறுத்தி வைத்த வண்டியின் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும், அவசியம் நேர்ந்தால் மட்டும் விலக்கு, குறிப்பாகக் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது என்கிறது. நம் சித்திரை வெயிலில் அந்த விலக்குக்கு வேலையே இல்லை! நியூயார்க்கில் பொதுவாக மூன்று நிமிடம், பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரே நிமிடம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் நல்ல முன்மாதிரிதான். ஆனால் மெட்ரோ வேலையால் திருப்பி விடப்பட்ட போக்குவரத்தோடு மல்லுக்கட்டும் நம் போலீஸ்காரர், பள்ளி வாசலில் கடிகாரம் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நான் நம்பவில்லை.

சரி, யாரைத் திருத்த வேண்டும்? ஆட்டோக்காரரை அல்ல. பள்ளி வாசலில் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் அவர் பேப்பர் படிக்கிறார். கேஸ் காசு அவர் பையிலிருந்து போகிறது. ஸ்கூட்டரில் வரும் அம்மாக்களும் அணைத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஏசி கார். அதில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஓட்டும் டிரைவர். மே மாதத்துக்கு முன்பே தகிக்கிற தெருவில், கண்ணாடியை இறக்கினால் அனல். அணைத்தால், "குழந்தை வந்து ஏறும்போது வண்டி சில்லென்று இருக்க வேண்டாமா?" என்று முதலாளியம்மா கேட்பார். அந்த மனிதரின் முகத்துக்கு நேரே பிள்ளைகள் பதாகை பிடித்து என்ன பயன்? உத்தரவு போட்டவர் வீட்டிலும் அலுவலகத்திலும் இருக்கிறார்.

அதனால் நான் சொன்ன யோசனைகள் சாதாரணமானவை. காம்பவுண்டுச் சுவர் ஓரமாக நிழலுக்கு ஒரு பந்தல், இரண்டு பெஞ்சு, ஒரு பானைத் தண்ணீர். டிரைவர் இறங்கி உட்கார இடம் கிடைத்தால் எஞ்சின் தானாக அணையும். இரண்டாவது, எல்லா வகுப்பையும் ஒரே மணியில் விடாமல் பத்துப் பத்து நிமிடம் தள்ளி விடுவது. மூன்றாவது, பள்ளியின் சொந்த பஸ்களும் வேன்களும் முதலில் அணைய வேண்டும். தன் பஸ்ஸை உறும விட்டுக்கொண்டு ஊருக்கு உபதேசம் செய்தால் யார் கேட்பார்கள்? நான்காவது, பிள்ளைகளைப் புகைக்குள் நிறுத்தக் கூடாது. சாலைப் பாதுகாப்பு ரோந்துப் படையில் சீருடை போட்டு நிற்கும் பிள்ளைகள் ஏற்கெனவே போதுமான அளவு புகையைச் சுவாசிக்கிறார்கள். பிள்ளைகளுக்கான வேலை வீட்டில் இருக்கிறது. "அப்பா, நான் வந்து ஏறின பிறகு ஏசி போட்டால் போதும்" என்று ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால், நூறு பதாகைக்குச் சமம்.

அடிக்கடி அணைத்துப் போட்டால் ஸ்டார்ட்டர் கெட்டுவிடும், பெட்ரோலும் அதிகம் போகும் என்பார்கள். கார்புரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய எஞ்சினில் பத்து விநாடிக்கு மேல் நிற்பதாக இருந்தால் அணைப்பதே மிச்சம். பல புது வண்டிகள் சிக்னலில் தாமே அணைந்து தாமே கிளம்புகின்றன. வாசலில் ஒரு தடவை அணைத்து ஒரு தடவை போடுவதால் பேட்டரி ஒன்றும் செத்துவிடாது. 2020 ஏப்ரல் முதல் வந்த பிஎஸ்-6 வண்டியில் புகை குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் தெருவில் நிற்கிற எல்லா வேனும் 2020-க்குப் பிறகு வாங்கியதல்ல. ஏசி வெளியே தள்ளுகிற சூட்டுக்கும் எந்த பிஎஸ்ஸும் கிடையாது.

இதைப் படிக்கிற நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளையைக் கூட்டிவர மாலையில் காரில் போவது நம்மில் பலர்தான். பின்சீட்டில் நாம் இருக்கும்போது டிரைவர் தானாக ஏசியை அணைக்க மாட்டார், பெரியவருக்கு வியர்க்குமே என்று யோசிப்பார். நாம்தான் முந்திக்கொண்டு, "அணைச்சிடுப்பா, கண்ணாடியை இறக்கு, நிழல்ல போய் உட்காரு" என்று சொல்ல வேண்டும். மின்விசிறியே இல்லாத வகுப்பில் படித்து வளர்ந்த தலைமுறை நாம். இருபது நிமிட வியர்வை நம்மை ஒன்றும் செய்துவிடாது.